புதுத் துறையில் இறங்கிய நாள்

என் கணவரைத் துறைப்படிகளில் தூக்கிக்கொண்டு இறங்கியது ஒரே ஒரு முறைதான். பக்கவாதம் வந்து, தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, வலது கையும் காலும் வராமல் கட்டிலோடு கிடந்த சமயம். தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அப்போது அவர் பேச்சு குழறும். எனக்கும் கொழுந்தனாருக்கும் மட்டும்தான் புரியும். கொழுந்தனார் என்றால் என் கணவரின் சித்தி மகன். இருபது வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே பரிசலில் மீன் பிடிக்கப் போனவர்கள்.

கொழுந்தனார் ஆட்களைக் கூட்டிவந்தார். என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். பாதிப் படி இறங்கும்போது ஒருவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, அவருடைய லுங்கி அவிழ்ந்து தொடைக்கு மேலே ஏறிவிட்டது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீன் வாங்க வந்தவர்கள் திருப்பிக்கொள்ளவில்லை.

"எறக்கி வுடுங்கடா" என்று கத்தினார். "பொணத்தத் தூக்கற மாதிரி தூக்கறீங்களேடா!"

அன்றைக்கு அந்தச் சொற்கள் மட்டும் தெளிவாக வந்தன. எல்லோருக்கும் புரிந்தது. அப்படியே திருப்பிக் கொண்டுவந்தோம். அதன்பிறகு அவர் யாரையும் தூக்க விடவில்லை. தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவருக்கு அது வேறு தேசமாகிவிட்டது.

நான் நல்லம்பள்ளிப் பக்கத்து மேட்டுக்காட்டுப் பெண். கிணற்றில் வாளி விட்டால் கயிறு முடிந்தாலும் தண்ணீர் தட்டாத ஊர். பிளஸ் டூ முடித்ததும் இங்கே மீனவர் சங்கத்தில் மீன் எடை போடும் வேலை கிடைத்தது. மேட்டூர் அணையின் தண்ணீர் எங்கள் மாவட்டத்துக்குள் நுழைந்து தேங்கி நிற்கும் இடம் இது. அவ்வளவு தண்ணீரை முதல்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எடைக் கொட்டகை துறைக்கு மேலேயே இருந்தது. பரிசல்கள் வந்ததும் கட்லாவும் கெளுத்தியும் ஜிலேபியும் கூடைகூடையாக மேலே ஏறிவரும். நான் பதற்றத்தில் தராசைத் தப்பாக வைப்பேன். அப்போது ஒருவர் மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "மெதுவா போடுங்க. மீனு எங்கியும் ஓடிப்போவாது" என்பார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். உழுது பிழைக்கிற வீட்டுப் பெண் வலை வீசுகிறவனைக் கட்டிக்கொண்டாளே என்று என் அப்பா நெடுநாள் பேசவில்லை. மகன் பிறந்ததும் ஒரு மூட்டைக் கேழ்வரகோடு வந்து நின்றார். அந்த மகன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

துறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாமனார் காலத்துக்கும் முந்தைய கல்படிகள். செங்குத்தாக இறங்கும். ஆடி, ஆவணியில் அணை நிறைந்தால் தண்ணீர் மேல்படி வரைக்கும் வரும். கோடையில் வடிந்தால் கடைசிப் படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் சேறு. முழங்கால் புதையும் சேற்றில்தான் கூடையைத் தலையில் வைத்து நடந்து வருவார்கள். ஒரு வெள்ளத்தில் கீழே மண் அரித்துக்கொண்டு போய்விட, படிகள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றன. பக்கத்தில் இருந்த சிமெண்டு மேடை பாதி அந்தரத்தில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை தருமபுரியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சாலையோரம் வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, எட்டி நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இறங்குவதற்கு அவர்களுக்குத் துணிச்சல் இருக்காது.

துறையைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு இருந்தது. அவர் படுத்த மறு வருடம் அது நிஜமானது. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஓர் இளம் பெண் என்ஜினியர் வந்திருந்தார். அரூர்ப் பக்கத்துப் பெண். சுவரில் படத்தை ஒட்டிவைத்து விளக்கினார். கரை அரிக்காமல் இருக்கக் கம்பிவலைக்குள் கல்லை அடுக்குவார்கள். தண்ணீரோடு ஏறி இறங்குகிற மிதவை மேடை ஒன்று வரும். வெளி ஆட்கள் வந்து உட்காரவும் இடம் உண்டு.

கொழுந்தனார்தான் முதலில் எழுந்தார். "வெளியூரு ஆளுங்க செல்ஃபி எடுக்கறதுக்கு எங்க தொறைய இடிக்கறீங்களா? நாளைக்கு நாங்க மீனு எறக்குனா நாறுதுன்னு சொல்லுவாங்க."

"அப்படி வராதுங்கண்ணா" என்றார் அந்தப் பெண். "நீங்க மீன் எறக்கற எடம் தனி, மக்கள் வர்ற வழி தனி. தொறை உங்களுதுதாங்க. பாக்கறதுக்கு எல்லாருக்கும் ஒரு வழி, அவ்வளவுதான்."

படத்தில் இரண்டு வழியும் படிகளாகவே இருந்தன. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத நான் எழுந்து நின்றேன். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"மேடம், படியோட ஒரு சாய்வும் வெச்சுக் குடுங்க. எங்க வூட்டுக்காரரால படி எறங்க முடியாதுங்க."

பின்னாலிருந்து யாரோ, "ஒரு ஆளுக்காவ தொறை கட்டுவாங்களா?" என்றார்கள். மீன் விற்கிற ஒரு அக்கா திரும்பிப் பார்த்து, "எனக்குக்கூடத்தான் முட்டி வலி. நீ மட்டும் கெழவன் ஆவ மாட்டியா?" என்றதும் சிரிப்பு கிளம்பியது. என்ஜினியர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னோடு வீட்டுக்கே வந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவரிடமே கேட்டார். "உங்களுக்கு எப்படிங்க இருந்தா நல்லா இருக்கும்?"

இவர் நெடுநேரம் வாயைக் கூட்டிக்கூட்டிச் சொன்னார். "ஒண்ணுமில்லீங்க. நானே எறங்கணும்."

நான் மறுபடி எடுத்துச் சொல்லப் போனேன். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்திருந்தது.

படம் மாறி வந்தது. கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீளமாக இறங்கும் சாய்தளம். நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. சக்கர வண்டியில் உட்கார்ந்தபடி மிதவை மேடை வரைக்கும் போகலாம். அந்தப் படத்தின் நகலை என்னிடமும் ஒன்று கொடுத்தார். அதை என் கணவர் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஒட்டினேன்.

நாங்கள் நன்றாக இருந்த மாதங்கள் என்றால் அதற்குப் பிறகு வந்தவைதான். அதுவரைக்கும் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்பவர், இப்போது அவர் எப்போது வருவார் என்று கேட்க ஆரம்பித்தார். வாக்கரைப் பிடித்து நின்றார். பிறகு வாசல் வரைக்கும் நடந்தார். பேச்சும் கொஞ்சம் திருந்தியது. வேலை தொடங்கியதும் நானும் அவருமாக மெதுவாக நடந்து துறைக்கு மேலே இருக்கும் புங்கமரத்தடிக்குப் போவோம். அங்கே அவரை உட்காரவைத்துவிட்டு நான் எடைக் கொட்டகைக்குப் போவேன். திரும்பிப் பார்த்தால் தலை மட்டும் தெரியும். ஜேசிபி போகிற பக்கமெல்லாம் அந்தத் தலை திரும்பும்.

பழைய படிகளை இடித்த நாளில் அவர் மனசு கஷ்டப்படும் என்று பயந்து பக்கத்திலேயே நின்றேன். பெரிய பெரிய கல்லாகப் பெயர்ந்து வந்தது. அவர் பிறந்து தவழ்ந்த இடம் என்று சொல்லலாம்.

"போவுட்டும் புள்ள" என்றார். "பல்லு போன வாயி மாதிரி ஆயிருச்சி. சாய்வு வரட்டும். நான் வாக்கரப் புடிச்சி எறங்குவேன். நீ பின்னால வா. புடிக்காத."

"நான் எதுக்குப் புடிக்கப் போறேன்? உழுந்தா உழுங்க" என்றேன். சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் போகிற சிரிப்பு. அதற்கும் நான் பழகியிருந்தேன்.

சாய்தளம் பாதி வந்தபோது கர்நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் திறந்துவிட்டார்கள். எங்கள் கண் முன்னாலேயே ஏறி வந்து, கட்டிய கம்பிகளையும் பலகைகளையும் மூழ்கடித்தது. அணை நிரம்பி வழிந்தது. வேலைக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வடிந்தால்தான் இனி வேலை. மீனவர்களுக்கு அது நல்ல காலம். எடைக் கொட்டகையில் எனக்கு உட்கார நேரமில்லை. அவர் மட்டும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது வடியும் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்பார்.

வடிவதற்கு முன்னால் இரண்டாவது முறை பக்கவாதம் வந்துவிட்டது. காலையில் இட்லி தின்றுகொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி.

இந்த முறை கை கால்கள் முன்னைவிட மோசமாகவில்லை, ஆனால் வாக்கரைப் பிடித்து நடப்பது மறந்துபோய்ச் சக்கர வண்டியில்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. பேச்சும் வந்தது. நினைவுதான் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை. முழுதாகப் போயிருந்தால் ஒருவேளை அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழையது எல்லாம் இருந்தது, புதியது எதுவும் நிற்கவில்லை. மகனைப் பார்த்து "தம்பி யாருங்க?" என்றார். மகன் வெளியே போய்ச் சாலையில் நின்று அழுததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

என்னைச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. தெரியாத நாட்களிலும் மரியாதையாகவே பேசுவார். ஒரு நாள் சோறு ஊட்டப் போனபோது கூச்சத்தோடு பின்னால் நகர்ந்துகொண்டு, "நீங்க ஏங்க இதெல்லாம் செய்யறீங்க? எடை போட்டாச்சிங்களா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முந்தைய என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எதை மறந்தாலும் துறையை மறக்கவில்லை. விடிந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "நம்ம தொறைக்குப் போவலாமா?"

"போவலாங்க. கட்டி முடிக்கட்டும்."

"எதக் கட்டறாங்க?"

சொல்வேன். கேட்டுக்கொள்வார். மறுநாள் காலையிலும் அதே கேள்வி.

தண்ணீர் வடிந்தது. வேலைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கோடை முடிவதற்குள் துறை எழுந்து நின்றது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு மைக் கட்டினார்கள். என்ஜினியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்தக் கூட்டத்தில் அவரை அழைத்துப்போக எனக்கு மனமில்லை. சந்தடி எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு வாரநாள் காலையில் போனோம். நானும் கொழுந்தனாரும், சக்கர வண்டியில் அவரும். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தார். வாக்கரையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு போனேன். அது எதற்கென்று கொழுந்தனார் கேட்கவில்லை.

கொழுந்தனார் பரிசலைத் தயார் செய்ய முன்னால் ஓடினார். நான் வண்டியைச் சாய்தளத்தின் தலையில் நிறுத்தினேன். வழவழப்பான சிமெண்டுத் தரை. இரண்டு பக்கமும் வெயிலில் மின்னுகிற எவர்சில்வர் கம்பி. மெல்ல இறங்க ஆரம்பித்தேன். வண்டி தன்னால் போனது. அவ்வளவு சுலபமாக இருந்தது. முதல் சமதளம் வந்தபோது அவர் இடது கையை நீட்டிக் கம்பியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றது.

"வாணாங்க" என்றார். "ஆஸ்பத்திரிக்கு வாணாம்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தருமபுரி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிற சாய்வு வழியும் இப்படித்தான் இருக்கும். இப்படித்தான் கம்பி இருக்கும்.

"ஆஸ்பத்திரி இல்லீங்க. தொறை. நம்ம தொறைங்க. பாருங்க, தண்ணி."

தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊசி போடுவாங்க. வூட்டுக்குப் போவலாம்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தேன். எடுக்க எடுக்க மறுபடி பிடித்தார். கொழுந்தனார் கீழேயிருந்து பார்த்துவிட்டு மேலே ஓடிவந்தார். அவர் வண்டியைப் பிடிக்க, நான் அந்தக் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அப்படித்தான் மிதவை மேடை வரைக்கும் போனோம்.

மேடை லேசாக ஆடியது. பரிசல் பக்கத்திலேயே மோதிக்கொண்டு நின்றது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கொழுந்தனாரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க "டேய்" என்று கூப்பிட்ட தம்பியைப் பார்த்து, வெளியூர்ப் பரிசல்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"ஏங்க, எங்க தொறையில கொண்டுபோயி வுட்டுடறீங்களா? இவங்க வழி தெரியாம இங்க கூட்டியாந்துட்டாங்க."

கொழுந்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்கண்ணா. ஏறுங்க" என்றார்.

மேடையும் பரிசலும் ஒரே மட்டத்தில் இருந்ததால் ஏற்றுவது கஷ்டமாக இல்லை. நானும் ஏறிக்கொண்டேன். கொழுந்தனார் துடுப்புப் போட்டார். கரை விலகியது. அவர் அமைதியானார். நல்ல கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்ததைப் பார்த்துச் சிரித்தார். இதுவே போதும், இப்படியே கொஞ்ச நேரம் போகட்டும் என்று நினைத்தேன்.

ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொழுந்தனார் கரைப்பக்கம் திருப்பினார். புதுத் துறை கிட்டே வந்தது.

"இது இல்லீங்க" என்றார் என் கணவர். "எங்குளுது கல்லுப் படி."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். பிறகு பரிசலைத் திருப்பினார். மறுபடி நடுத்தண்ணீருக்குப் போய், வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தோம்.

"இது இல்லீங்க. இன்னும் கொஞ்சம் மேலாண்ட போங்க. புங்கமரம் இருக்கும்."

புங்கமரம் அங்கேதான் இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். மரத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே பார்த்தார், தலையை ஆட்டினார். யாரோ அவரை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு என்னிடம் கேட்காமல் கொழுந்தனாரிடம் மட்டும் வழி சொன்னார். அவர் சொன்ன வழியெல்லாம் சரியான வழி. ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்கே கொண்டுவந்து விட்டார். ஒவ்வொரு முறையும் அங்கே அவர் துறை இல்லை. வெயில் ஏறியது. என் முந்தானையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். கொழுந்தனார் தோள் வலியைச் சொல்லவில்லை. "இதோ வந்துடும்ணா, இதோ வந்துடும்ணா" என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டார். அவர் குரல் உடைந்துகொண்டே போனது.

கடைசியில் என் மடியில் சாய்ந்து தூங்கிப்போனார். தூங்கியவரைத்தான் கரைக்குக் கொண்டுவந்தோம். தூங்கியவரைத்தான் வண்டியில் வைத்து மேலே தள்ளினோம். விரித்துக்கூடப் பார்க்காத வாக்கர் மிதவை மேடையிலேயே கிடந்தது. சாயங்காலம் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதன்பிறகும் தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போகலாம், போகலாம் என்றேன். ஐப்பசியில் கேட்பது நின்றது. கேட்டபோது நெஞ்சை அறுத்தது. கேட்காமல் ஆனபோதுதான் அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று தெரிந்தது. எழுப்பினால் எழுவார், ஊட்டினால் விழுங்குவார். மார்கழிக் குளிரில் ஒரு பகல் வேளை, மகனும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, மூச்சு அடங்கியது. என்னை யாரென்று நினைத்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது.

துறை நன்றாக இருக்கிறது. நன்றாக இல்லை என்று சொன்னால் பொய். இந்த வருட வெள்ளத்தில் ஒரு கல் அசையவில்லை. கோடையிலும் சேற்றில் இறங்காமல் கூடை மேலே வருகிறது. முட்டி வலிக்கிற அந்த மீன்கார அக்கா, கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் கீழே போய் மீன் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வயதானவர்களையும் பிள்ளை வண்டிகளையும் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கொழுந்தனாரே வெளியூர் ஆட்களிடம், "எறங்கிப் பாருங்க, பயப்படாதீங்க" என்கிறார். புதுக் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு மகன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் இறக்கினான். அந்த அம்மா மிதவை மேடையில் போய், "அடேங்கப்பா, எவ்வளவு தண்ணி!" என்று சத்தமாகச் சொன்னார். அது மேலே வரைக்கும் கேட்டது. நான் தராசை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் சந்தோஷம் எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனாலும் நிற்க முடியவில்லை.

தை முடிந்து என்ஜினியர் வந்தார். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்திருக்கிறார். கொட்டகையில் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அம்மா, கேக்கலாமான்னு தெரியல" என்றார். "அய்யா ஒரு தடவையாவது எறங்குனாருங்களா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். என் மகனைவிடச் சின்னப் பெண். ஒரு குழறல் பேச்சை நம்பிப் படத்தையே மாற்றிய பெண்.

"எறங்குனாருங்க" என்றேன். "வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு எறங்குனாரு. பரிசல்ல ஏறி ரொம்ப நேரம் சுத்துனாரு. தண்ணியில கைய வுட்டுக்கிட்டு சிரிச்சாரு."

எல்லாமே உண்மை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் கையைப் பிடித்து, "வாங்கம்மா, ஒரு தடவ கீழ போயிட்டு வரலாம்" என்றார்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இன்னும் ரெண்டு கூடை எடை போடணும்."

அவர் மட்டும் இறங்கிப் போனார். கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, சமதளங்களில் நின்று நின்று போனார். மிதவை மேடையின் நுனியில் நின்று என் பக்கம் திரும்பிக் கையை அசைத்தார். நானும் கையைத் தூக்கி அசைத்தேன். அதற்குள் அடுத்த கூடை வந்துவிட்டது. அதை வாங்கித் தராசில் வைத்தேன்.